உள்ளங்காலையும் பாருங்கள்!

தோல் புற்றுநோய் வெள்ளைக்காரருக்கே வரும், கறுத்த தோலைத் தீண்டாது என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். அது பாதி உண்மையே. 'மெலனோமா' என்னும் கொடிய தோல் புற்றுநோய் நமக்கு அரிதுதான். ஆனால் வரும்போது, வெயில் படாத உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலுமே அதிகமாக வருகிறது.

ஜமைக்காப் பாடகர் பாப் மார்லிக்குக் கால் பெருவிரல் நகத்தடியில் இந்நோய் இருப்பது 1977இல் தெரிந்தது. பந்தாட்டக் காயமென்றே முதலில் எண்ணினார்கள். 1981இல், 36 வயதில் அவர் மாண்டார்.

பால்வெட்டும் தோழருக்குக் காலில் முள் குத்துவது அன்றாடம். ஆகவே கரும்புள்ளியைக் கண்டாலும் 'பழைய காயம்' என்று விட்டுவிடுகிறார். வலியும் இல்லை, ஒருநாள் கூலியை இழக்க மனமும் இல்லை. அந்தத் தாமதமே ஆளைக் கொல்கிறது. நோய் தோலளவில் இருக்கையில் வெட்டி எடுத்தால் பெரும்பாலோர் பிழைக்கின்றனர். நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவிவிட்டால் பிழைப்பது கடினம்.

பெருத்துவரும் கரும்புள்ளி, நகத்தில் அகலமாகும் கருங்கோடு, ஆறாத புண் ஆகியவற்றைக் கண்டால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். கிராணிமார்களே, மருத்துவமனைக்குச் செல்லக் கேட்டு வருவோரைத் திருப்பி அனுப்பாதீர்கள். நிர்வாகங்களுக்கும் சொல்கிறோம்: உயிரைக் காக்கப் போனவரின் அன்றைய கூலியைப் பிடிப்பது நியாயமன்று!