படையலுக்கு வரும் தாத்தா

2024இல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்தன, அக்டோபர் 31. முதல் நாள் மாலை தங்காக் நகரத் துணிக்கடைகளில் கடைசி நேரக் கூட்டம். வீட்டில் நாங்கள் முன்னோருக்குப் படையல் போட்டுக்கொண்டிருந்தோம். தலைவாழை இலையில் சோறு, ஆட்டிறைச்சிக் குழம்பு, என் அப்பாவுக்குப் பிடித்த சுருட்டு. சாம்பிராணி காட்டிக் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்து உட்கார்ந்தோம். உள்ளே தாத்தா சாப்பிட வந்திருக்கிறார் என்று ஆறு வயது மகளிடம் சொன்னேன். அவள் பயப்படவில்லை. “குழம்பு காரமா இருக்கேப்பா, தாத்தாவுக்குத் தண்ணி வெச்சீங்களா?” என்று கேட்டாள்.

அதே பிள்ளை இரண்டு நாள் கழித்து, விருந்தினர் கூட்டத்தில் யாரும் கவனிக்காத நேரம், கைத்தொலைபேசியில் பாட்டு பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டு முடிந்ததும் தானாக அடுத்து ஓடியது ஒரு பேய்ப்படத் துண்டு. ஒரு வாரம் குளியலறைக்குத் தனியாகப் போகவில்லை. விளக்கை அணைக்க விடவில்லை. இறந்துபோன தாத்தா வீட்டுக்குள் வந்து போனதை ஏற்றுக்கொண்ட பிள்ளையை அரை நிமிடப் படம் ஒன்று உலுக்கிவிட்டது.

ஹாலோவீன் நெருங்கினால் வீட்டில் பிள்ளைகளோடு பார்க்க என்ன படம் போடலாம் என்று வாசகர்கள் கேட்கிறார்கள். பேய்ப்படமே வேண்டாம் என்பவர்களும் உண்டு. அதை நான் ஏற்கவில்லை. பேய் இல்லாத ஊரிலா நம் பிள்ளைகள் வளர்கிறார்கள்? பக்கத்து மலாய்க்காரர் வீட்டில் பொந்தியானாக் பேய்க் கதை. சீனர்களின் ஏழாம் மாதத்தில் சாலையோரம் எரியும் காகிதமும் ஊதுவத்தியும். தோட்டத்து எல்லையில் முனீஸ்வரர். அண்ணாந்து பார்த்தால் 1,276 மீட்டர் உயர லேடாங் மலை, அதில் ஓர் இளவரசி. தன்னை மணக்க வந்த மலாக்கா சுல்தானிடம் அவள் கேட்ட சீர்வரிசையில் ஏழு தட்டுக் கொசு ஈரல் உண்டு, இளவரசனின் ரத்தம் ஒரு கிண்ணமும் உண்டு. கொசு ஈரலுக்குச் சிரிக்கும் பிள்ளை ரத்தக் கிண்ணத்துக்கு வாய் மூடிக்கொள்ளும். ஆனாலும் மறுநாள் அதே கதையைத்தான் கேட்கும். சொல்லுகிற பாட்டியின் மடி பக்கத்தில் இருக்கிறதே.

இந்த மண்ணின் பேய்ப்படங்களில் நம்மவர் கையும் இருக்கிறது. 1957இல் கேத்தே-கிரிஸ் நிறுவனத்துக்காக ‘பொந்தியானாக்’ படத்தை இயக்கிய பி. என். ராவ், அதற்கு முன் தமிழில் ‘மதனகாமராஜன்’ (1941) எடுத்தவர். மரியா மெனாடோ நடித்த அந்தப் படத்தில், பாம்பு கடித்த கணவனைக் காப்பாற்ற விஷத்தை உறிஞ்சப்போய், ரத்தத்தின் ருசி பட்டுப் பேயாகிறாள் ஒருத்தி. அந்தப் பேய்க்கு ஒரு பெயர் உண்டு, பேயானதற்கு ஒரு துக்கமும் உண்டு. அந்தக் காலத்தில் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டும்போது, பயந்த பிள்ளைக்கு அம்மாவின் முந்தானை இருந்தது. இன்றைய பிள்ளை அறைக்குள் தனியாகப் படுத்துக்கொண்டு பார்க்கிறது.

நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு, சிரிப்புப் பேய்ப்படத்தைக் குடும்பப் படம் என்று நினைப்பது. ‘காஞ்சனா’ (2011) ஓடும்போது கோவை சரளாவின் கூச்சலுக்குக் குட்டிகள் விழுந்து விழுந்து சிரிக்கின்றன. சிரித்து மனம் தளர்ந்திருக்கும் நேரத்தில் நிலத்தகராறில் நடக்கும் கொலைகள் கண்முன் வருகின்றன. ஒரு திருநங்கைக்கு இழைத்த அநியாயத்தைச் சொல்லும் படம் அது. பதினைந்து வயதுப் பிள்ளையோடு உட்கார்ந்து பார்த்துப் பேசலாம். ஆறு வயதுக்கு ஆகாது. ‘பொம்மைப் படம்தானே’ என்ற நம்பிக்கையும் அப்படித்தான். ‘கோரலைன்’ (2009) பொம்மைகளை அசைத்து எடுத்த படம். ஆனால் அதில் அம்மா போலவே ஒருத்தி வந்து, கண்ணைக் கொடு, பொத்தான் தைக்கிறேன் என்கிறாள். சின்னப் பிள்ளைக்கு அம்மா மேலேயே சந்தேகம் வரவைக்கும் படத்தை இரவில் எதற்குப் போட வேண்டும்?

தணிக்கைக் குறியைப் பாருங்கள். நம் மலேசியாவில் ‘யு’ எல்லாருக்கும், ‘பி12’ என்றால் பன்னிரண்டுக்குக் கீழே உள்ளவர்கள் பெற்றோர் துணையோடு. இந்தியாவில் 2024 முதல் ‘யுஏ’ குறியை 7+, 13+, 16+ என்று பிரித்துவிட்டார்கள். தமிழ்ப்படம் தேர்ந்தெடுக்க நமக்கும் அது உதவும். ஆனால் உங்கள் பிள்ளை எதற்குப் பயப்படும் என்று எந்த வாரியத்துக்கும் தெரியாது. முதலில் நீங்கள் பார்த்துவிடுங்கள். முழுதாகப் பார்க்க நேரமில்லையென்றால் கடைசி அரை மணி நேரமாவது பாருங்கள்.

எங்கள் வீட்டில் தேறியவை: பூதம் என்றாலே சிரிக்க வைக்கும் ‘பட்டணத்தில் பூதம்’ (1967). ஜாவர் சீதாராமனின் ஜீபூம்பாவுக்கு இன்னும் வயதாகவில்லை. பேய்களே குழந்தைக்குப் பயப்படும் ‘மான்ஸ்டர்ஸ் இன்க்’ (2001). அம்மா மருத்துவமனையில் இருக்கும்போது இரண்டு சிறுமிகளுக்குத் துணையாகும் வனதேவதை ‘டோட்டோரோ’ (1988). உப்பின், இப்பினோடு நம் ராஜுவும் வரும் ‘கெங்’ (2009). இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ (1984) எட்டு வயதுக்கு மேல். மந்திரவாதியிடமிருந்து சாத்தானை விடுவிக்கும் சிறுமியின் அப்பா அதில் குடிகாரர். அந்தக் காட்சி வரும்போது குடிக்கிற வீட்டுப் பிள்ளை திரையைப் பார்க்காது, நம் முகத்தைப் பார்க்கும். அந்தப் பார்வைக்குப் பதில் சொல்ல முடிந்தவர்கள் போடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே நான் வைப்பது ‘கோகோ’ (2017). மெக்சிகோவில் நவம்பர் தொடக்கத்தில் செத்தவர்களுக்குப் படம் வைத்து, பூத்தூவி, சாப்பாடு படைக்கிறார்கள். படத்தில் செண்டுமல்லி இதழ் பாதையில் செத்தவர்கள் வீடு திரும்புகிறார்கள். படம் வைக்க ஆளில்லாதவர் திரும்ப முடியாது, நினைப்பவர் இல்லையென்றால் செத்தவர் உலகிலிருந்தும் மறைந்துபோவார். எலும்புக்கூடுகள் நிறைந்த அந்தப் படத்தைக் குளியலறைக்குப் போகப் பயந்த என் மகளோடு சேர்ந்து பார்த்தேன். பாதியில் எழுந்துபோய்த் தாத்தாவின் படத்துக்கு முன்னால் நின்றாள். “இதை எப்பவும் எடுக்காதீங்கப்பா” என்றாள். அன்று விளக்கை அணைக்க விட்டாள்.

இந்த வருடம் படையல் முடிந்து இலை எடுத்த பிறகு, பிள்ளைகளோடு பாய் விரித்து ஒரு படம் பாருங்கள். கைத்தொலைபேசிகளை வேறு அறையில் வையுங்கள். மறுநாள் காலை பிள்ளை அந்தக் கதையைத் தன் வாயால் எப்படிச் சொல்கிறது என்று கேட்டு, சொன்னபடியே எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் நான்கு பக்கம் அதற்காக ஒதுக்கியிருக்கிறோம்.