சுவரில் மாட்டிய கிட்டி யாருடையது?

மதுரையிலிருந்து விருதுநகர், சாத்தூர் வழியாகத் தெற்கே போகும் நான்குவழிச் சாலையில் 'கிராமத்து மணம்' விற்கும் உணவகங்கள் பெருகிவிட்டன. வாசலில் மாட்டுவண்டிச் சக்கரம், உள்ளே ஆட்டுக்கல், அரிக்கேன் விளக்கு. இப்போது எலிக்கிட்டி, கவுதாரிக் கண்ணி, பல் வைத்த இரும்புப் பொறி எல்லாமும் சுவரேறிவிட்டன. கழுவி, வார்னிஷ் அடித்து, மஞ்சள் விளக்குக்குக் கீழே மாட்டியிருக்கிறார்கள். வருகிறவர்கள் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள்.

ஒரு கடையில் மேலாளரிடம், இதையெல்லாம் யார் பயன்படுத்தினார்கள் என்று கேட்டேன். "அந்தக் காலத்து ஜனங்கதாங்க. காரைக்குடியில வாங்குனது" என்றார்.

எந்த ஜனங்கள்? காவிரி டெல்டாவில் மூங்கிலை வில்லாக வளைத்து, கயிறு கட்டி, நெல்லை இரையாக வைத்து வரப்போரம் கிட்டி நட்டவர்கள் கூலிக்காரர்கள். விடிந்ததும் செத்த எலியை எண்ணித்தான் காசு. வடமாவட்டங்களில் இருளர்கள் துளை போட்ட மண்பானையில் வைக்கோலைக் கொளுத்தி, வாயால் ஊதி வளைக்குள் புகை ஏற்றினார்கள். எலிக்குப் பாதிப் புகை, ஊதுகிறவர் நெஞ்சுக்குப் பாதி. காப்பாற்றிய விளைச்சல் நிலக்காரருக்கு. வளையைத் தோண்டிக் கிடைத்த நெல்லும் எலிக்கறியும்தான் பிடித்தவருக்கு. அதோடு 'எலி தின்னி' என்ற வசையும். பீகாரில் அந்த வசையே ஒரு சாதியின் பெயராகிவிட்டது: முசஹர். அந்தச் சாதியிலிருந்து ஜீதன் ராம் மாஞ்சி 2014-இல் முதலமைச்சராகவே ஆனார். பெயர் அப்படியேதான் இருக்கிறது.

எலி தின்றவர் தீட்டு, எலி பிடித்த கிட்டி அலங்காரம். என்ன கணக்கு இது?

கண்ணியின் கதை இன்னும் மோசம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பொறி வைத்துப் பிடிப்பதும் வேட்டைதான். கண்ணியும் பொறியும் ஆயுதப் பட்டியலில் இருக்கின்றன. காட்டுயிர்களைக் காக்க வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கண்ணியை நம்பிப் பிழைத்த நரிக்குறவர்கள் பழங்குடிப் பட்டியலில் இடம் பெற 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர்களில் ஒருவர் அதே கண்ணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்தில் நடந்து பார்க்கட்டும். அவர் தோளில் இருந்தால் குற்றம், ஏசி அறைச் சுவரில் தொங்கினால் 'ஆன்டிக்'.

இங்கிலாந்துப் பண்ணை முதலாளிகள் தங்கள் காட்டுக்குள் முயல் பிடிக்க வரும் ஏழைகளின் காலைக் கவ்வ மனிதப் பொறிகளே வைத்தார்கள். 1827-இல்தான் சட்டம் அதைத் தடுத்தது. அந்தப் பொறிகள் இன்று அங்கே அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. யாரைப் பிடிக்க வைத்தது என்று எழுதியும் இருக்கிறது.

"எதற்கெடுத்தாலும் சாதியா, பழம்பொருளைக் காப்பாற்றத்தானே செய்கிறார்கள்" என்று நம் நண்பர்களே கேட்பார்கள். சரி, காப்பாற்றட்டும். நம் கிராமத்து டீக்கடையில் நமக்கென்று தனிக் குவளை இருந்தது. சிரட்டை இருந்தது. மலம் அள்ளிய வாளி இருந்தது. அவையும் பழம்பொருள்தானே, ஏன் ஒரு சுவரிலும் காணோம்? ஆக, எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. சக்கரத்தையும் கிட்டியையும் காட்டி, அவற்றோடு உழைத்த ஆளை மட்டும் கழற்றிவிட்டால் கிடைப்பதுதான் அவர்கள் விற்கும் கிராமம்.

மாட்டியதைக் கழற்றச் சொல்வது என் கோரிக்கை அல்ல. பக்கத்தில் ஒரு அட்டை வைக்கச் சொல்லுங்கள்: இதன் பெயர் என்ன, செய்தது யார், வைத்தது யார், என்ன கூலி. அடுத்த முறை சாப்பிடப் போகும்போது நான்கு பேராகப் போய்க் கேளுங்கள்.

நம் ஊருக்கும் இது வந்துகொண்டிருக்கிறது. சிவகாசியின் பழைய தீப்பெட்டி லேபிள்கள் ஏற்கெனவே ஃபிரேம் போட்டு விலைக்குப் போகின்றன. அடுத்தது தீக்குச்சி அடுக்கும் கட்டையாக இருக்கும். சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1996-இல். அதற்கு முன்பு அந்தக் கட்டையில் குச்சி அடுக்கிய பிள்ளைகள் இன்று நாற்பது, ஐம்பது வயதில் நம் தெருக்களில்தான் இருக்கிறார்கள். கட்டை காரைக்குடிக்குப் போய்ச் சேருவதற்குள் அவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள்: ஒரு கட்டைக்கு எவ்வளவு கூலி, விடியுமுன் எத்தனை மணிக்கு வண்டி வந்து எழுப்பியது, எந்த வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது.