வேம்பைச் சித்திரை வரை விட்டுவையுங்கள்

கார்த்திகை மாதக் காலை. மதுரையை ஒட்டிய நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் புதிதாக முளைத்த குடியிருப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். கேட்டுக்கு அருகே, ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்த மூன்று வயது வேம்பு. ஐப்பசி வரை பச்சைப் பசேலென்று நின்றது. இப்போது கொழுந்துகள் எல்லாம் தீ பட்டாற்போலக் கருகித் தொங்குகின்றன. தெருவில் போகிறவர் நின்று பார்த்துவிட்டு, "அண்ணே, பட்டுப்போச்சு. வெட்டிட்டு வேற கன்னு வைங்க" என்கிறார். வீட்டுக்காரருக்கு மனசு வரவில்லை. உள்ளேயிருந்து வீட்டம்மாவின் குரல்: "வாசல்ல வேம்பு காஞ்சா நல்லதில்லன்னு எங்கம்மா சொல்லும்." மதியத்துக்குள் அரிவாள் வந்துவிடுகிறது.

இப்படி வெட்டுப்படும் கன்றுகளில் பல உயிரோடு இருப்பவை.

வேம்பின் நுனி கருகுவது மதுரைக்கு மட்டும் வந்த கேடல்ல. 1990களில் டேராடூன் பக்கம் இதைக் கவனித்தார்கள். 1997இல் இதற்குக் காரணமான பூஞ்சைக்கு ஃபோமாப்சிஸ் அசாடிராக்டே என்று பெயர் வைத்தார்கள். 2021இல் தெலங்கானாவில் ஊர் ஊராக வேப்பமரங்கள் காய்ந்தபோது சனங்கள் பதறிப்போனார்கள். தமிழ்நாட்டில் இந்தப் பூஞ்சையோடு தேயிலைக் கொசு என்ற பூச்சியும் கைகோத்துக்கொள்கிறது. பெயர்தான் கொசு, உண்மையில் அது சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி. தேயிலை, முந்திரி, கொய்யா எல்லாவற்றிலும் உட்காரும். இளந்தண்டில் ஊசி போட்டதுபோலக் குத்தி உறிஞ்சும்போது அதன் எச்சில் நஞ்சாக இறங்குகிறது. அந்த இடம் கறுக்கிறது. அதே புண் வழியாகப் பூஞ்சை உள்ளே போகிறது. மதுரைச் சமவெளிக்குப் பெரும்பங்கு மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். பின்னாலேயே மார்கழிப் பனி. ஈரமும் குளிரும் சேர்ந்த அந்த மூன்று மாதம் இரண்டுக்கும் கொண்டாட்டம்.

"பூச்சிக்கு மருந்தே வேம்புதானே, அதையே பூச்சி தின்னுமா?" என்று கேட்காதவர் இல்லை. நியாயமான கேள்விதான். வேம்பின் அசாடிராக்டின் அதிகம் சேர்ந்திருப்பது கொட்டையில். அது வலுவாக முடக்குவது இலையைக் கடித்துத் தின்னும் புழுக்களை. கொழுந்தின் சாற்றைக் குடித்துப் போகிற பூச்சிக்கு அந்தக் கசப்பு பெரிய தடையாகத் தெரியவில்லை. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. பயிரைத் தாக்கும் பூஞ்சைக்கு வேப்பெண்ணெய் மருந்து என்பதற்குத்தான் அமெரிக்காவின் டபிள்யூ. ஆர். கிரேஸ் நிறுவனம் 1994இல் ஐரோப்பியக் காப்புரிமை வாங்கியது. சூழலியலாளர் வந்தனா சிவா உள்ளிட்டோர் எதிர்த்து வாதாடினார்கள். 2000இல் உரிமை ரத்தானது. 2005இல் மேல்முறையீடும் தள்ளுபடியானது. இவ்வளவு மல்லுக்கட்டி மீட்ட மரத்தின் நுனியையே ஒரு பூஞ்சை கருக்குகிறது.

ஆனால் நுனி கருகியதாலேயே மரம் செத்துவிடுவதில்லை. மாசி, பங்குனியில் வெயில் ஏற ஏற வேம்பு பழைய இலையை உதிர்த்துக் கொழுந்து விடுவது அதன் வழக்கம். நோய் பட்ட மரங்களிலும் பல அந்த நேரத்தில் துளிர்த்துக்கொள்கின்றன. தெலங்கானாவிலும் அதுதான் நடந்தது. குளிர்நாட்டிலும் கதை ஒன்றுதான். கிரிக்கெட் மட்டைக்குப் பயன்படும் வில்லோ இனத்திலேயே கிளை தொங்கும் வகை ஒன்றை இங்கிலாந்தில் தோட்டத்துக்கு வைக்கிறார்கள். மழை மிகுந்த வசந்தத்தில் பூஞ்சை தொற்றி அதன் இலை கருகிக் கொட்டும். உதிர்ந்ததைக் கூட்டி எரி, புண் பட்ட கிளையைக் கழி, காய்ந்த காலம் வரட்டும் என்பதே அங்கு சொல்லும் வைத்தியம்.

உயிர் இருக்கிறதா என்று பார்க்க நகம் போதும். கருகிய நுனியிலிருந்து கீழ்நோக்கி, சாண் சாணாகப் பட்டையை லேசாகச் சுரண்ட வேண்டும். உள்ளே பழுப்பாக, பொருபொருவென்று இருந்தால் அந்த இடம் போய்விட்டது. ஈரப் பச்சை தெரிகிற இடத்தில் மரம் உயிரோடு இருக்கிறது. அந்தப் பச்சைக்குள் ஒரு சாண் இறங்கி, மழை இல்லாத நாளில் வெட்ட வேண்டும். வெட்டியதைக் குப்பைமேட்டில் போடாமல் எரிக்க வேண்டும்; அரிவாளை நெருப்பில் ஒருமுறை காட்டிவிட்டு அடுத்த மரத்துக்குப் போக வேண்டும். மருந்து அடிக்கத்தான் வேண்டுமென்றால், கருகிய கிளை ஒன்றை ஒடித்துக்கொண்டு யானைமலை அடிவாரத்திலுள்ள ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரியில் காட்டிக் கேட்பது நல்லது. உரக்கடைக்காரர் கையில் கிடைத்த பாட்டிலை நீட்டுவதும், அதைக் குழந்தைகள் விளையாடும் வாசலில் தெளிப்பதும் வைத்தியம் ஆகாது. யூரியா அதைவிட மோசம். அது தள்ளிவிடும் இளங்கொழுந்துதான் பூச்சிக்கு விருந்து.

பூச்சியையும் பூஞ்சையையும் திட்டுகிறவர்கள் பெரும்பாலும் மரத்தின் காலடியைப் பார்ப்பதில்லை. அங்கேதான் வீட்டுக்காரரின் கைவரிசை இருக்கிறது. வீடு கட்டிய மிச்சம், சிமென்டுக் கட்டி, உடைந்த டைல்ஸ் எல்லாம் நிரப்பிய குழி. பிளாஸ்டிக் பைக்குள் சுருண்ட வேரைப் பிரிக்காமல் அப்படியே இறக்கிய கன்று. முதல் வருடம் கட்டிய கம்பி, தண்டு பருத்தபின் பட்டையை அறுத்துக்கொண்டிருக்கும். ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் உப்புத் தண்ணீரைக் குழாய் போட்டு மரத்துக்கே விட்டிருப்பார்கள், சிக்கனமாம்! திருமங்கலம் பக்கத்துக் கரிசலில் தண்ணீர் தேங்கினால் வேர் மூச்சுத் திணறிவிடும். மானாவாரியில் தானாக முளைத்து நிற்கிற மரத்துக்குத் தினமும் ஒரு குடம் ஊற்றுவதும் பாசத்தில் செய்யும் கெடுதல்தான்.

எல்லாவற்றுக்கும் மேல் பேவர் பிளாக். தண்டை ஒட்டிப் பதித்து, இடுக்கில் சிமென்டும் பூசினால்தான் வாசல் ‘சுத்தமாக’ இருக்கிறதாம். தண்டைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை அகற்றும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் டெல்லிக்கு உத்தரவிட்டது. மதுரையில் வீட்டு வாசலுக்கும் தெருவோரத்துக்கும் அந்த ஒரு மீட்டர் வட்டம் கட்டாயமாக வேண்டும். 2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், பத்தாண்டில் மாநிலத்தின் காடும் மரமும் 33 சதவீதப் பரப்பை எட்ட வேண்டும் என்கிறது. நல்ல இலக்கு. ஆனால் கன்று நடுகிற நாளில் எடுக்கும் படத்துக்கு இருக்கும் மரியாதை, மூன்றாம் வருடம் அதே கன்று கருகும்போது இருப்பதில்லை. வார்டுக்கு ஒருவரை நியமித்து, நட்ட கன்றுகளை மழைக்குப் பின் ஒருமுறை நடந்து பார்க்கச் சொன்னால் என்ன? பாண்டியர் வேப்பம்பூ மாலை சூடி ஆண்ட ஊர் இது.

நாகமலைப் பக்கத்து வீட்டுக்கு வருவோம். வெட்ட வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப வேண்டியதில்லை. கருகிய நுனிகளை மட்டும் அவரையே கழிக்கச் சொல்லலாம். கூலி பேசும்போதே, கடப்பாரையால் தண்டைச் சுற்றியுள்ள நாலு வரிசைப் பேவர் பிளாக்கைப் பெயர்த்துத் தரவும் கேட்கலாம். மிச்ச மரத்தை என்ன செய்வது என்று கேட்டால், சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கியபின் வந்து பார்க்கச் சொல்லலாம்.