மதிலுக்கு அப்பால் ஒரு கொல்கத்தா

கோடை விடுமுறை நெருங்கியதும் நம் பங்குகள் பலவற்றில் ஒரு பேச்சு எழுகிறது. “இம்முறை இளையோரைக் கொல்கத்தாவுக்கு அனுப்புவோம், அன்னை தெரேசாவின் இல்லங்களில் பத்து நாள் பணி செய்துவிட்டு வரட்டும்” என்கிறோம். திருப்பலி முடிவில் அறிவிப்பு, சிறப்புக் காணிக்கை, பீடத்தின் முன் வழியனுப்பும் செபம் என யாவும் முறையாக நடைபெறுகின்றன. திரும்பி வந்ததும் பாராட்டுக் கூட்டம், பொன்னாடை, புகைப்படங்கள். அக்கூட்டங்களில் முன்வரிசையில் அமர்ந்து கைதட்டியவர்கள் நாமே. ஆகவே இங்கே எழுதுவது பிறர்மீது சாட்டும் குற்றம் அன்று. நம்மீது நாமே தொடுக்கும் வழக்கு.

பயணம் தவறென்று நாம் சொல்லவில்லை. காளிகட்டில், காளி கோயிலை ஒட்டி, மாநகராட்சி அளித்த யாத்திரிகர் விடுதியில் 1952-இல் தொடங்கியது ‘நிர்மல் ஹிருதய்’ இல்லம். அங்கே பெயர் அறியாத ஒரு முதியவருக்குச் சோறூட்டி, அவர் கிடந்த விரிப்பைக் கையால் அலசிப் பிழிந்த இளைஞன் வெறுங்கையோடு திரும்புவதில்லை. மொழி புரியாத நகரில், சைகையால் தண்ணீர் கேட்கும் ஒருவரின் முகத்தைப் படிக்கக் கற்றுக்கொள்வதும் ஒரு கல்வியே. நாம் கேட்பது ஒன்றுதான்: அந்தக் கைகள் ஊர் திரும்பிய பின் என்ன செய்கின்றன?

ஆலயத்திலிருந்து பத்து நிமிடம் நடந்தால் ஒரு தெரு வரும். அதற்கு நாம் வைத்துள்ள பெயர் ‘காலனி’. அங்கே வாழ்வோரும் நாம் பெற்ற அதே திருமுழுக்கைப் பெற்றவர்கள். அதே நற்கருணையை உண்பவர்கள். ஆனால் திருவிழாச் சப்பரம் அத்தெருமுனையோடு திரும்பிவிடுகிறது. கல்லறைத் தோட்டத்தில் அவர்களுக்கென்று தனியே ஒரு மூலை. கொல்கத்தாவில் முன்பின் அறியாதவரின் புண்ணைக் கழுவிய நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அத்தெருவில் ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, ஒரு குவளைத் தண்ணீர் வாங்கிப் பருகியிருப்பார்கள்?

இது ஏதோ ஒரு பங்கின் கதை அன்று. இந்திய ஆயர் பேரவை 2016-இல் வெளியிட்ட தலித் மக்கள் மேம்பாட்டுக் கொள்கை, நாட்டின் 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கருள் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித் மக்கள் என்று கூறியது. தீண்டாமை திருச்சபைக்குள்ளும் நிலவுகிறது என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டது. ஆயர்கள் எழுதிவிட்டார்கள். நம் சப்பரம் இன்னும் வழி மாறவில்லை.

1,600 கிலோமீட்டருக்கும் அப்பால் இருப்பவரைத் தொட முடிந்த நமக்கு, பக்கத்துத் தெருவில் இருப்பவரைத் தொட ஏன் இயலவில்லை? விடை கசப்பானது. காளிகட்டில் படுத்திருப்பவர் நம்மிடம் இரக்கத்தை மட்டுமே பெறுகிறார். காலனி இளைஞனோ இரக்கம் கேட்கவில்லை, சமத்துவம் கேட்கிறான். பங்குப் பேரவையில் இடம் கேட்கிறான். நம் வீட்டுப் பெண்ணை மணக்கவும் கேட்கக்கூடும். இரக்கம் காட்டுகையில் நாம் உயர்ந்து நிற்கிறோம். சமத்துவம் வழங்குகையில் இறங்கி நிற்க நேர்கிறது. இறங்க மனமில்லாதவர்களுக்குத் தொலைதூரத்துப் பணி எத்துணை வசதியான புகலிடம்!

யாருடைய பெயரால் இப்பயணம் செல்கிறோமோ, அந்த அன்னையின் வாழ்வையே எண்ணிப் பார்ப்போம். எண்டாலியில் மதில் சூழ்ந்த பள்ளியில் ஏறத்தாழ 17 ஆண்டுகள் அவர் ஆசிரியையாக இருந்தார். அந்த மதிலுக்கு அப்பால் இருந்தது மோதிஜீல் சேரி. 1948-இல் மடத்தை விட்டு வெளியேறியவர், பாட்னாவில் மருத்துவப் பணிச் சகோதரிகளிடம் சில மாதங்கள் பயிற்சி பெற்றார். பின் நேரே மோதிஜீலுக்கு வந்து, வெறுந்தரையில் எழுத்து வரைந்து பிள்ளைகளுக்குக் கற்பித்தார். பாட்னாவுக்குச் சென்றது கற்பதற்காக. திரும்பியதோ தம் மதிலுக்கு அப்பால் இருந்தவர்களிடம். நம் பயணங்களில் விடுபட்டுப்போவது இந்தத் திரும்புதலே.

“தலைமுறை தலைமுறையாக வந்ததை இளையோர் மாற்றிவிட முடியுமா? அவர்களை ஏன் ஊர்ச் சண்டையில் இழுக்க வேண்டும்?” என்று பெரியோர் கேட்கலாம். அறியாத நகரில் மரணத்தை நேருக்கு நேர் காண வலிமை உண்டென்று நம்பி அனுப்பிய நாம், சொந்த ஊரின் அநீதியைக் காண மட்டும் அவர்கள் சிறுவர்கள் என்போமா?

எனவே அடுத்த பயணத்துக்குச் சில நிபந்தனைகள் வைப்போம். செல்லும் குழுவில் காலனி இளையோரும் இருக்கட்டும். குழுவை நடத்தும் பொறுப்பிலும் இருக்கட்டும். ஒரே பெட்டியில் பயணம் செய்து, ஒரே பாத்திரத்துச் சோற்றைப் பகிர்ந்து உண்ணட்டும். திரும்பியதும் பாராட்டுக் கூட்டம் பங்கு மண்டபத்தில் வேண்டாம், அத்தெருவிலேயே நடக்கட்டும். அவ்வாண்டுத் திருவிழாவில் சப்பரம் எந்த வழியே செல்ல வேண்டும் என்பதை அக்குழுவே முன்மொழியட்டும். இவற்றுக்கு நாம் இசையவில்லையெனில், பயணச் சீட்டுக்குக் காணிக்கை கேட்க நமக்கு உரிமை இல்லை.

லூக்கா நற்செய்தியின் செல்வர் தொலைநாட்டு ஏழைகளைத் தேடிப் போகவில்லை என்பதற்காகத் தண்டிக்கப்படவில்லை. இலாசர் கிடந்தது அவருடைய வாயிலருகே. நம் வாயிலருகே கிடப்பவர் யாரென்று நமக்குத் தெரியும்; அவர் வீட்டுக்குப் பத்து நிமிட நடைதான்.