லேப்டாப்பும் அடகுக் கடையும்

சென்ற வாரம் முதல் ஷிப்டு முடிந்து வெளியே வந்த பஞ்சாலைத் தொழிலாளி ஒருவர், மில் வாசல் டீக்கடையில் என்னைப் பிடித்துக் கொண்டார்.

"ஏனுங்க தோழர், பொண்ணு பி.காம். சேர்ந்திருக்கிறாளுங்க. லேப்டாப் வேணுமாம். கடைக்காரர் எழுபதாயிரத்துக்கு ஒண்ணைக் காட்டி, இதுக்குக் குறைஞ்சு வாங்கினா படிப்பே ஓடாதுங்கிறாரு. வீட்டுல தோட்டைக் கழட்டிக் குடுத்துட்டாங்க. அடகு வைக்கிறதா, தவணையில எடுக்கிறதா? ஒரு யோசனை சொல்லுங்க" என்றார்.

இது அவர் ஒருவருடைய கேள்வியா? கல்லூரி திறக்கும் மாதத்தில் உழைப்பாளி வீடுகள்தோறும் எழுகிற கேள்வி. நாற்று நடும் தாயும், ரிங் பிரேமில் நூல் முடியும் தகப்பனும் தங்கள் பிள்ளை தங்களைப்போல் அல்லல்படக்கூடாது என்று கல்லூரிக்கு அனுப்புகிறார்கள். கல்லூரி வாசலில் ஒருவன் லேப்டாப்போடு நிற்கிறான். பக்கத்திலேயே கடன் கொடுப்பவனும் நிற்கிறான்.

லேப்டாப் ஆடம்பரம் என்று சொல்ல இன்று யாராலும் முடியாது. 2020 இல் கொரோனா வந்து கல்லூரிகள் மூடிக் கிடந்தபோது பாடமெல்லாம் செல்போனுக்குள்ளும் கம்ப்யூட்டருக்குள்ளும் போய்விட்டது. வீட்டில் ஒரே ஒரு போன் இருந்த குடும்பங்களில் அண்ணன் படித்தால் தங்கை சும்மா இருந்தாள். கல்லூரிகள் திறந்த பிறகும் கட்டுரை, கணக்கு, பரீட்சை விண்ணப்பம், வேலைக்கு மனு எல்லாம் அதில்தான்.

சரி, அதன் விலை நமக்கு எத்தனை நாள் உழைப்பு? 2025-26 ஆம் ஆண்டுக்கு நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். நூறு நாளும் வேலை கிடைத்து, முழுக்கூலியும் கைக்கு வந்தால் 33,600 ரூபாய். 30,000 ரூபாய் அடக்க விலையுள்ள சாதாரண லேப்டாப்புக்கு 18 சதம் ஜி.எஸ்.டி. வரி சேர்த்தால் 35,400 ரூபாய். அதாவது, ஒரு குடும்பத்தின் நூறு நாள் கூலி முழுவதையும் கொட்டினாலும் போதவில்லை. அதில் வரி மட்டும் 5,400 ரூபாய். பதினாறு நாள் கூலி!

இங்கே இன்னொரு வேடிக்கையையும் பாருங்கள். மில் முதலாளி தன் ஆபீசுக்கு அதே லேப்டாப்பை வாங்கினால், கட்டிய வரியைத் தன் வியாபார வரியில் கழித்துக் கொள்ள சட்டம் வழி வைத்திருக்கிறது. அவருடைய மில்லில் உழைப்பவன் தன் மகளுக்கு வாங்கினால் ஒரு காசும் திரும்பாது. முதலாளியின் கணக்குப் புத்தகத்துக்குச் சலுகை, தொழிலாளி மகளின் பாடப் புத்தகத்துக்கு வரி! இது எந்த ஊர் நியாயம்?

"கம்ப்யூட்டரை எதிர்த்தவர்கள்தானே நீங்கள்? இப்போது அதையே கேட்கிறீர்களே" என்று சிலர் கேலி பேசுவார்கள். ஆம், போராடினோம். 1955 இல் கான்பூர் பஞ்சாலைத் தொழிலாளர்கள் ரேஷனலைசேஷன் என்ற பெயரில் வந்த ஆட்குறைப்பையும் வேலைப் பளுவையும் எதிர்த்து 80 நாள் வேலை நிறுத்தம் செய்தார்கள். 1960 களில் கல்கத்தாவில் ஆயுள் இன்ஷ்யூரன்ஸ் ஊழியர்கள் கம்ப்யூட்டரை வாசலிலேயே மறித்தார்கள். அவர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இந்த யந்திரத்தின் பலன் யாருக்கு? நாலு பேர் வேலையை ஒருவன் தலையில் கட்டி, மூன்று பேரைத் தெருவில் நிறுத்தவா? அந்தக் கேள்வியை இன்றும் கேட்கிறோம். யந்திரம் முதலாளி கையில் மட்டும் இருக்கக் கூடாது, நம் பிள்ளை கையிலும் இருக்க வேண்டும் என்று கேட்பதும் அதே கேள்வியின் மறுபக்கம்தான்.

இனி, வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் எதை வாங்குவது? கதிரறுக்கப் போகிறவள் அரிவாள் வாங்கும்போது பிடியில் வெள்ளிப் பூண் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. கூர் நிற்குமா, கைக்கு அடங்குமா என்று பார்க்கிறாள். லேப்டாப்பும் கருவிதான். வேலையைப் பார், அதற்கேற்ற கருவியை எடு.

பி.ஏ., பி.காம்., பி.எஸ்சி. படிக்கும் பிள்ளைக்குக் கட்டுரை எழுதவும், எக்செல், டேலி போன்ற கணக்கு வேலை செய்யவும், பாடம் கேட்கவும் வேண்டும். இதற்கு ராம் 8 ஜி.பி., உள்ளே சேமித்து வைக்க எஸ்.எஸ்.டி. என்னும் வகையில் 256 அல்லது 512 ஜி.பி. போதும். கடைக்காரர் காட்டிய எழுபதாயிரம் ரூபாய்ச் சரக்கு பெரும்பாலும் கம்ப்யூட்டர் விளையாட்டுக்கானது. தனி கிராபிக்ஸ் கார்டு, கனம் அதிகம், பாட்டரி சீக்கிரம் இறங்கும். கணக்குப் பதிவு படிக்கும் பெண்ணுக்கு அது எதற்கு? இன்ஜினீயரிங்கில் யந்திரப் படம் வரைகிறவர்களுக்கும், வீடியோ வெட்டி ஒட்டும் படிப்புக்கும் 16 ஜி.பி. ராம் தேவைப்படலாம். அதையும் கடைக்காரரிடம் கேட்காதீர்கள். கல்லூரியில் துறை ஆசிரியரிடமும், இரண்டாம் ஆண்டு மாணவர்களிடமும் கேளுங்கள். வகுப்பு தொடங்கி ஒரு மாதம் பொறுத்து வாங்கினால் குடி முழுகிவிடாது.

பழையது வாங்குவதில் கேவலம் ஒன்றுமில்லை. பெரிய கம்பெனிகள் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை தங்கள் லேப்டாப்புகளைக் கழித்துவிடுகின்றன. திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் என்ற வகைகள் ஆபீஸ் உழைப்புக்கென்று கட்டப்பட்டவை. சென்னை ரிச்சி தெருவிலும் மற்ற நகரங்களிலும் இவற்றைச் சரிபார்த்து விற்கிறார்கள். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பாட்டரியில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு எழுத்தையும் தட்டிப் பாருங்கள். மூடித் திறக்கும் கீல் ஆடுகிறதா என்று பாருங்கள். விண்டோஸ் 10 க்கு மைக்ரோசாப்ட் கம்பெனி கொடுத்து வந்த இலவசப் பாதுகாப்பு 2025 அக்டோபர் 14 உடன் நின்றுவிட்டது. ஆகவே விண்டோஸ் 11 ஏற்கும் யந்திரமா என்று கேளுங்கள். இன்டெல் வகையில் எட்டாம் தலைமுறைக்கு முந்தியது என்றால் பொதுவாக ஏற்காது. பில்லும் எழுத்தில் வாரண்டியும் இல்லாத சரக்கைத் தொடவே தொடாதீர்கள்.

பாடத்துக்கு விண்டோஸ்தான் என்ற கட்டாயம் இல்லையானால் லினக்ஸ் இருக்கிறது, லிப்ரே ஆபீஸ் இருக்கிறது. காசு இல்லை. உலகெங்கும் பலர் கூடி உழைத்துப் பொதுவில் வைத்த சொத்து அது. கேரளத்துப் பள்ளிப் பிள்ளைகள் பல ஆண்டுகளாக இதில்தான் படிக்கிறார்கள். மத்திய சர்க்காரின் சி-டாக் நிறுவனமும் பாஸ் என்ற பெயரில் ஒரு லினக்ஸைத் தயாரித்திருக்கிறது.

கடன் விஷயத்தில் எச்சரிக்கை தேவை. "வட்டியில்லாத் தவணை" என்று பலகை தொங்குகிறது. பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று ரிசர்வ் பாங்கே 2013 இல் சொல்லிவிட்டது. ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடி தவணைக்காரனுக்குக் கிடைக்காது. அல்லது நடைமுறைக் கட்டணம் என்று முன்னாலேயே பிடித்துக்கொள்வார்கள். இரண்டு விலையையும் காகிதத்தில் எழுதி வாங்கிக் கூட்டிப் பாருங்கள். ஒளிந்திருக்கும் வட்டி வெளியே வந்துவிடும். நான்கு ஆண்டில் தேயும் ஒரு பொருளுக்காக, தலைமுறைக்கு நிற்கும் பொன்னை அடகில் முழுக விடலாமா?

ஆனால் தோழர்களே, எவ்வளவு சாமர்த்தியமாக வாங்கினாலும் நூறு நாள் கூலி நூறு நாள் கூலிதான். இதற்கு விடை கடைத்தெருவில் மட்டும் இல்லை. 2011 செப்டம்பரில் தமிழ்நாட்டு சர்க்கார் மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. கூலிக்காரர் வீடுகளில் முதல் கம்ப்யூட்டர் அப்படித்தான் நுழைந்தது. அது கொரோனாக் காலத்தை ஒட்டி, மிகவும் தேவைப்பட்ட வேளையில் நின்று போயிற்று. பின்னர் 2025 மார்ச் பட்ஜெட்டில், இரண்டாண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அறிவித்தார்கள். இதிலிருந்து என்ன தெரிகிறது? மந்திரிகள் மனம் வைத்தால் வரும், மனம் மாறினால் நிற்கும் என்பதுதான். கல்விக் கருவி தர்மமாக இருக்கக் கூடாது, உரிமையாக வேண்டும்.

கூலிக்காரர் பிள்ளை எந்தக் கல்லூரியில் படித்தாலும், முதல் ஆண்டிலேயே லேப்டாப் கொடு! மாணவர் வாங்கும் கம்ப்யூட்டருக்கு ஜி.எஸ்.டி. வரியை நீக்கு! கல்லூரிக் கம்ப்யூட்டர் அறைகளை இரவு எட்டு மணி வரை திறந்து வை! இந்தக் கோரிக்கைகளைச் சங்கக் கூட்டங்களில் பேசுங்கள். மாணவர் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் கூடி எழுப்பினால் கோட்டைக்குக் கேட்கும்.

டீக்கடைத் தோழரிடம் நான் சொன்னதும் இதைத்தான். தோட்டை வீட்டுக்குக் கொண்டு போங்கள். கல்லூரியில் கேட்டு, சர்க்கார் லேப்டாப் மகளுக்கு வருமா, எப்போது வரும் என்று தெரிந்து கொள்ளுங்கள். வராது என்றால், சரிபார்த்த பழையது ஒன்றை ரொக்கத்துக்குப் பாருங்கள். பார்க்கத் தெரிந்த வாலிபத் தோழர் ஒருவரை உடன் அனுப்புகிறோம். அடுத்த ஞாயிறு சங்கக் கூட்டத்துக்கு மட்டும் தவறாமல் வந்துவிடுங்கள். மகளையும் அழைத்து வாருங்கள்.