ஆடாமல் விட்ட கோப்பை

மேனேஜர் சார் அமெரிக்காவில் மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்ததிலிருந்து எங்கள் காலை நடையில் புதிதாக ஒரு பேச்சு சேர்ந்துகொண்டது. கோல்ஃப். 2025 செப்டம்பரில் நியூயார்க் பக்கத்தில் ரைடர் கோப்பை நடந்ததாம். அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போட்டி, பக்கத்துக்குப் பன்னிரண்டு பேர். மகனோடு உட்கார்ந்து மூன்று நாளும் டி.வி.யில் பார்த்திருக்கிறார். அதைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தவர், சங்கராபுரம் கடைத்தெரு திரும்பும் இடத்தில் நின்று ஒரு வார்த்தை விட்டார்.

"அங்க பாருங்க மாஸ்டர், கண்டமும் கண்டமும் மோதுது. ஆனா அரசியல்ங்கிற பேச்சே கிடையாது. நம்ம ஆளுங்க 1974ல என்ன செஞ்சாங்க? கைக்கு வந்த டேவிஸ் கப்ப அரசியலுக்காகத் தூக்கிப் போட்டுட்டாங்க. அதுக்கப்புறம் இன்னிவரைக்கும் கெடைக்கல."

கூட இருந்த இரண்டு பேரும் "ஆமா சார், பெரிய முட்டாள்தனம்" என்றார்கள். நான் அன்று பதில் சொல்லவில்லை. எனக்கு நடக்கும்போது பேசினால் மூச்சு வாங்கும். அதனால் இங்கே எழுதுகிறேன். முப்பத்திரண்டு வருஷம் விசில் ஊதிப் பிழைத்த உடற்பயிற்சி ஆசிரியன் நான். வேறு எதைச் சொன்னாலும் விட்டுவிடுவேன். விளையாட்டில் அரசியல் இல்லை என்று சொன்னால் விடமாட்டேன்.

முதலில் அவர் மெச்சிக்கொண்ட கோல்ஃபையே எடுத்துக்கொள்வோம். சாமுவேல் ரைடர் என்ற ஆங்கிலேய விதை வியாபாரி, பூ விதைகளைச் சின்னப் பொட்டலமாகக் கட்டி ஒரு பென்னிக்கு விற்றுப் பணக்காரர் ஆனவர். அவர் கொடுத்த கோப்பைக்காக 1927-ல் பிரிட்டனும் அமெரிக்காவும் மோதின. அரசியல் இல்லையா? 1934 முதல் 1961 வரை அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃப் சங்கத்தின் சட்டத்திலேயே வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்று அச்சடித்து வைத்திருந்தார்கள். சங்கத்தில் உறுப்பினராக முடியாதவன் ரைடர் கோப்பை அணியில் எப்படிச் சேர முடியும்? லீ எல்டர் என்ற முதல் கறுப்பின வீரர் அமெரிக்க அணியில் இடம்பிடித்தது 1979-ல். கோப்பை தொடங்கி ஐம்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து. அந்த ஐம்பத்திரண்டு ஆண்டுகளும் மேனேஜர் சார் கணக்கில் 'அரசியல் இல்லாத' ஆண்டுகள்தான். 2025-லும் உள்ளூர்க் கூட்டம் ஐரோப்பிய வீரர்களைக் காது கூசும்படி திட்டியதாகப் பேப்பரில் படித்தேன். சரி, அது கூட்டம். நம் ஊர்க் கபடி மேட்சிலும் அது உண்டு.

கோல்ஃபில் இன்னொரு அணிக்கோப்பையும் உண்டு. ரைடர் கோப்பையில் இரண்டே தரப்பு. இதில் பல நாடுகள், நாட்டுக்கு இரண்டு பேர். 1953-ல் மாண்ட்ரீலில் கனடா கோப்பை என்ற பெயரில் தொடங்கினார்கள். முதல் வெற்றி அர்ஜென்டினாவுக்கு. 1967-ல் உலகக் கோப்பை என்று பெயர் மாற்றினார்கள். நாடுகளுக்குள் நல்லெண்ணம் வளர்க்கத்தான் இந்தப் போட்டி என்று சொல்லிக்கொள்வார்கள். 1965-ல் மாட்ரிடில் நடந்தபோது கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. ஆடியவர்கள் கேரி பிளேயர், ஹரால்ட் ஹென்னிங். பிளேயர் எவ்வளவு பெரிய ஆட்டக்காரர் என்று கோல்ஃப் தெரியாத எனக்கே தெரியும்.

அதே 1965-ல், தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நடந்த நேட்டால் ஓப்பன் போட்டியில் அந்தக் கேரி பிளேயரை முந்தி ஜெயித்தவர் ஒருவர் இருந்தார். பெயர் சேவ்கோலம். 'பப்வா' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். இந்திய வம்சாவளி. வெள்ளைக்காரர்களுக்குக் கோல்ஃப் மட்டை தூக்கும் பையனாக இருந்து தானே ஆடக் கற்றுக்கொண்டவர். மட்டையைப் பிடிப்பதில் எல்லோரும் மேலே வைக்கும் கையைக் கீழே வைப்பார், கீழே வைக்கும் கையை மேலே வைப்பார். வாத்தியார் வைத்துக் கற்றவன் அப்படிப் பிடிக்கமாட்டான். அந்தப் பிடியோடு ஹாலந்துக்குப் போய் டச்சு ஓப்பனை 1959, 1960, 1964 என்று மூன்று தடவை ஜெயித்தார்.

1963-ல் இதே நேட்டால் ஓப்பனை முதல் தடவை ஜெயித்தபோது பரிசு கொடுக்கும் நேரத்தில் மழை. வெள்ளைக்காரர்கள் கிளப் கட்டடத்துக்குள் இருந்தார்கள். இந்தியர் உள்ளே போகக் கூடாது. ஜெயித்தவருக்குக் கோப்பையை வெளியே, மழையில் வைத்துக் கொடுத்தார்கள். அந்தப் படம் உலகப் பத்திரிகைகளில் வந்தது. 1965 வெற்றிக்குப் பிறகு அவரை அங்கே வெள்ளையரோடு போட்டியில் ஆடவே விடவில்லை. பாஸ்போர்ட்டையும் பிடுங்கிக்கொண்டார்கள். 1978-ல் செத்துப்போனார்.

பிளேயரை ஜெயித்தவரை அணிக்கு எடுக்காமல், பிளேயர் அணிக்கு 'தென்னாப்பிரிக்கா' என்று பெயர் வைத்து மாட்ரிடுக்கு அனுப்பினார்கள். நல்லெண்ணக் கோப்பையைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். கோல்ஃப் உலகில் ஒருவரும் 'அந்த இன்னொரு ஆள் எங்கே?' என்று கேட்டு ஆட்டத்தை நிறுத்தவில்லை.

இனி டென்னிஸுக்கு வருகிறேன். டேவிஸ் கோப்பை 1900-லிருந்து நடக்கும் நாடுகளுக்கிடையிலான போட்டி. 1966-ல் நம் ராமநாதன் கிருஷ்ணன் நம்மை இறுதி வரை கொண்டுபோனார். மெல்போர்னில் ஆஸ்திரேலியாவிடம் தோற்றோம். 1974-ல் கிருஷ்ணனின் இடத்தில் சென்னைப் பையன்கள் விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும். அந்த மே மாதம் கல்கத்தாவில் ஆஸ்திரேலியாவை 3-2 என்று தோற்கடித்தார்கள். அந்த ஒரு சுற்றில் மட்டும் மொத்தம் 327 கேம்கள், ஒரு சாதனை அது. நான் அப்போது சென்னை நந்தனத்தில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு ஊர் வந்தவன், டிரான்சிஸ்டரைக் காதிலிருந்து எடுக்கவில்லை. "ரேடியோவக் கட்டிக்கிட்டே குடும்பம் நடத்து" என்று அம்மா திட்டியது நினைவிருக்கிறது. செப்டம்பரில் பூனாவில் ரஷ்யாவையும் ஜெயித்தோம். அந்தப் பக்கம் ஜோகன்னஸ்பர்க்கில் இத்தாலியை ஜெயித்து இறுதிக்கு வந்தது தென்னாப்பிரிக்கா. வெள்ளையர் மட்டுமே இருந்த அணி.

அந்த தென்னாப்பிரிக்காவை ஒலிம்பிக்கிலிருந்து விலக்கியிருந்தார்கள். டேவிஸ் கோப்பையிலும் சில ஆண்டுகள் வெளியே நிறுத்தி வைத்திருந்து 1973-ல்தான் மறுபடி சேர்த்தார்கள். ஆப்பிரிக்காவில் இருக்கும் நாட்டை அமெரிக்கப் பிரிவில் போட்டார்கள்! காரணம் உங்களுக்கே புரியும். நம் அரசு ஆடவேண்டாம் என்றது. இந்தியா விலகியது. பந்தைத் தொடாமலே கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போனது.

இன்னொன்றும் அந்த ஆண்டிலேயே நடந்தது. 1974 நவம்பரில் வெனிசுலாவின் கராகஸ் நகரில் கோல்ஃப் உலகக் கோப்பை. ஜெயித்தது தென்னாப்பிரிக்கா. பாபி கோல், டேல் ஹேய்ஸ் என்ற இரண்டு பேர் ஆடி, கை குலுக்கி, படம் எடுத்துக்கொண்டு வாங்கிப் போனார்கள். ஆக அந்த ஒரே வருஷத்தில் அந்த நாட்டுக்கு இரண்டு அணிக்கோப்பைகள். ஒன்றை எல்லோரும் கூடி ஆடிக் கொடுத்தார்கள். இன்னொன்றை நாம் எதிரே நிற்காமல் விட்டோம். இரண்டில் எது நல்ல ஆட்டம் என்று மேனேஜர் சார் சொல்லட்டும்.

அவர் என்ன சொல்வார் என்று தெரியும். "அடுத்த வருஷமே எமர்ஜென்சி கொண்டுவந்த அம்மாவுக்கு நியாயம் பேச என்ன யோக்கியதை?" என்பார். ஒத்துக்கொள்கிறேன். யோக்கியதை இல்லாதவர் செய்ததாலேயே சரியான காரியம் தப்பாகிவிடுமா? தென்னாப்பிரிக்காவோடு வியாபாரத்தை நாம் அறுத்தது 1946-ல், சுதந்திரத்துக்கும் முன்னால். அன்றைக்கு பாஸ்போர்ட் வைத்திருந்தவர்கள் எடுத்துப் பாருங்கள், 'தென்னாப்பிரிக்கா நீங்கலாக' என்று எழுதியிருக்கும். ஒரு அம்மையார் ஒரு நாள் காலையில் எழுந்து முடிவு செய்த விஷயமில்லை அது.

"விம்பிள்டனில் மட்டும் தென்னாப்பிரிக்கர்களோடு நம் ஆட்கள் ஆடினார்களே?" என்று இன்னொருவர் கேட்பார். இதுதான் கெட்டிக்காரக் கேள்வி. விம்பிள்டனில் ஆடுகிறவன் தன் பெயரில் ஆடுகிறான். அவன் அப்பன் செய்ததற்கும் அவன் சர்க்கார் செய்ததற்கும் அவனைப் பிடிப்பது நியாயமில்லை. அணிப்போட்டி அப்படியா? ஸ்கோர் போர்டில் ஆள் பெயர் இல்லை, நாட்டின் பெயர் இருக்கிறது. அந்தப் பெயரை எழுத விட்டால், அந்த நாட்டு ஜனங்கள் எல்லோரிலிருந்தும் பொறுக்கி எடுத்த அணி இது என்று நாமும் சாட்சிக் கையெழுத்துப் போட்டதாக ஆகிவிடும். யாரிலிருந்து பொறுக்கினார்கள்? 1860-ல் சென்னையிலிருந்து கிளம்பிய கப்பலில் நேட்டாலுக்குக் கரும்பு வெட்டப் போனவர்களின் பேரன்கள் அந்தக் கணக்கில் இல்லை. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வெட்டிய குடும்பங்கள் இருக்கிற தாலுக்காவில் உட்கார்ந்துகொண்டு இதை நான் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நஷ்டம் இல்லை என்று சொல்லமாட்டேன். விஜய்க்கு அப்போது இருபது வயது. அப்படி ஒரு சந்தர்ப்பம் திரும்ப வருவதற்குப் பதின்மூன்று வருஷம் ஆயிற்று. 1987-ல் மறுபடி இறுதிக்குப் போய் சுவீடனிடம் 5-0 என்று உதை வாங்கினோம். ஆடுகிறவனிடமிருந்து இறுதிப் போட்டியைப் பிடுங்குவது சாதாரண விஷயமில்லை. கொடுத்தவர்கள் அந்தப் பையன்கள். பேசுகிற நாம் ஒன்றும் கொடுக்கவில்லை.

பலன் என்ன என்று கேட்டால், 1977-ல் காமன்வெல்த் தலைவர்கள் கூடித் தென்னாப்பிரிக்காவோடு விளையாட்டு உறவை ஊக்குவிக்க மாட்டோம் என்று ஒப்பந்தம் போட்டார்கள். ஸ்காட்லாந்தில் க்ளென்ஈகிள்ஸ் என்ற இடத்தில். அது பேர்போன கோல்ஃப் மைதானம்! 1921-ல் ரைடர் கோப்பைக்கு முன்னோடியான ஆட்டம் நடந்ததும் அங்கேதான். 1991 நவம்பரில் தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் அணி தடை நீங்கி முதல் ஆட்டத்துக்கு வந்து இறங்கியது கல்கத்தாவில். டேவிஸ் கோப்பைக்காக நாம் ஆஸ்திரேலியாவை ஜெயித்த அதே ஊர்.

இவ்வளவு வீராப்பாக எழுதுகிற நான் என்ன செய்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ராத்திரி தூக்கம் வராது.

1981 காணும் பொங்கல். தென்னாற்காடு மாவட்டமாக இருந்த காலம். பக்கத்தில் ஒரு கிராமம், பெயர் வேண்டாம். கபடிப் போட்டி. என் பள்ளிப் பையன்களை பஸ்ஸில் கூட்டிப்போனேன். ஏழு பேரில் ஒருவன் காலனிப் பையன். பாடிப் போனால் இரண்டு பேரையாவது தொட்டுவிட்டுத்தான் திரும்புவான். அரையிறுதி முடிந்ததும் ஊர்ப் பெரியவர் வீட்டுத் திண்ணையில் இரண்டு அணிக்கும் சாப்பாடு. ஆறு இலை போட்டார்கள். "அந்தப் பையனுக்கு மாட்டுக்கொட்டா பக்கம் போட்டிருக்கு சார்" என்று என் காதில் சொன்னார்கள். களத்தில் அவன் காலைக் கட்டிப் பிடித்து மண்ணில் புரண்ட பையன்கள், திண்ணையில் அவன் பக்கத்தில் உட்காரமாட்டார்கள்.

பையன்களை எழுப்பி பஸ் ஏற்றியிருக்கலாம். "கொஞ்சம் அனுசரிச்சுக்கப்பா, ஃபைனல் முடிஞ்சதும் போயிரலாம்" என்று சொன்னேன். அவன் சாப்பிடவில்லை. பசியோடு ஃபைனல் ஆடினான், ஜெயித்தோம். படம் எடுக்கும்போது தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று போய்விட்டான். ஆறு பையன்களும் நானும் கோப்பையும் அந்தப் படத்தில் இருக்கிறோம்.

ரிட்டையர் ஆகி ஒரு வருஷம் கழித்து அவனைக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். நரைத்துவிட்டது. "சார்" என்று வந்து கையைப் பிடித்துக்கொண்டான். மகள் நர்ஸாக இருக்கிறாள் என்றான். டீ வாங்கிக் கொடுத்தான், காசு கொடுக்க விடவில்லை. பஸ் கிளம்பும்போது ஜன்னல் பக்கம் வந்து, "அந்தக் கப்பு இன்னும் ஸ்கூல்ல இருக்கா சார்?" என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. இருக்கிறது என்றேன். ஹெட்மாஸ்டர் ரூம் பீரோவில், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது.

மேனேஜர் சார், 1974-ல் கோப்பையை விட்டவர்களைப் பற்றி என்னிடம் இனிமேல் குறை சொல்லாதீர்கள். நாளைக்குக் காலை வழக்கம்போல ஐந்தரைக்கு வருகிறேன். இதைப் படித்துவிட்டு வாருங்கள். கொஞ்சம் மெதுவாக நடந்தால் நானும் பதில் பேசுவேன்.