‘கூடாது’ என்று சொன்னால் போதுமா?



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியானதும் நம் பள்ளிவாசல்களில் ஆண்டுதோறும் எழும் கேள்வி ஒன்றுண்டு. அஸர் தொழுகைக்குப் பின் ஒரு தந்தை தயங்கியபடி இமாமை அணுகுகிறார். “ஹஜ்ரத், மகளுக்கு பி.பார்ம் இடம் கிடைத்திருக்கிறது. வங்கியில் கல்விக்கடன் வாங்கலாமா?” “வட்டி கூடாது, பாய்” என்பதே விடை. விடை சரியானதே. ஆனால் பேச்சு அத்துடன் முடிந்துவிடுகிறது. “எவ்வளவு குறைகிறது?” என்று அவரிடம் எவரும் கேட்பதில்லை.

வட்டியின் தடையில் நமக்குக் கருத்து வேறுபாடு இல்லை. வாங்குபவர் மட்டுமன்றிக் கொடுப்பவர், எழுதுபவர், சாட்சியாளர்கள் அனைவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்ததாக ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. உலகக் கணக்கும் இதையே உணர்த்துகிறது. ஆண்டுக்கு 1 லட்சமாக 4 ஆண்டுகளுக்குக் கடன் பெறுவதாகவும், வட்டி 10 சதவீதம் என்றும் கொள்வோம். படிக்கும் காலத்திலும் அதன் பின்னர் ஓராண்டும் தவணை இல்லை என்பார்கள். வட்டியோ முதல் நாளிலிருந்தே ஓடுகிறது. தனிவட்டியாகக் கணக்கிட்டாலும், முதல் தவணை கட்டும் நாளில் 4 லட்சம் 5,40,000 ஆகியிருக்கும்.

எனவே, கடனை நாடுமுன் செலவைக் குறைக்கும் வழிகளைப் பெற்றோர் நாட வேண்டும். தமிழ்நாட்டில் பி.பார்ம் படிப்புக்கு நீட் தேவையில்லை. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் அடிப்படையில் அரசின் கலந்தாய்வு நடைபெறுகிறது. முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள் ஒதுக்கீடும் உண்டு. சென்னை, மதுரை அரசு மருத்துவக் கல்லூரிகளிலேயே இப்படிப்பு இருக்கிறது. இதற்கு விண்ணப்பிக்காமலேயே தனியார் கல்லூரியின் நிர்வாக ஒதுக்கீட்டிற்கு ஓடுவது நாமே தேடிக்கொள்ளும் சுமையன்றோ? இரண்டாண்டு டி.பார்ம் படித்து, உரிய விதிகளை நிறைவேற்றி, மருந்தாளுநராகப் பதிவு பெற்றுப் பணியாற்றலாம். சேமித்த பின் பி.பார்ம் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். ஓராண்டு கூடுதலாகும், ஆனால் அது கடனில்லாத ஓராண்டு.

இவ்வளவுக்குப் பின்னும் பணம் குறையும் குடும்பங்கள் உண்டு. அவர்கள் விஷயத்தில்தான் நம் சமுதாயம் குற்றவாளியாக நிற்கிறது.

சிலர் ‘நிர்ப்பந்தம்’ என்ற சலுகையைக் காட்டி வங்கிக்கு வழிவிடுகின்றனர். வேறு சிலர் “பெண்பிள்ளைக்கு இவ்வளவு படிப்பு எதற்கு?” என்று கதவை அடைக்கின்றனர். அந்த நிர்ப்பந்தத்தை உண்டாக்கியது யார் என்று இரு சாராருமே கேட்பதில்லை. ஒரே வேளை வலீமாவுக்குப் பல லட்சங்களைச் செலவிடும் மஹல்லாவில், ஒரு மாணவியின் ஓராண்டுக் கட்டணத்திற்கு வழியில்லை என்றால், அது வறுமையா? அல்லது நம் அலட்சியமா?

அழகிய கடனை அல்லாஹ் அருள்மறையில் மீண்டும் மீண்டும் வலியுறுத்துகிறான். சிரமப்படும் கடனாளிக்கு அவகாசம் அளிக்குமாறு அல்பகரா அத்தியாயத்தின் 280ஆம் வசனம் பணிக்கிறது. இவற்றை ஜும்ஆ பயானில் கேட்டுக் கலைந்து செல்கிறோம். செயல்படுத்தினால் என்னவாகும்? 100 குடும்பங்கள் மாதம் 500 ரூபாய் வீதம் பைத்துல்மாலில் செலுத்தினால் ஆண்டுக்கு 6 லட்சம் சேரும். ஆண்டுக்கு 1 லட்சம் தேவைப்படும் 6 மாணவர்களுக்கு அது போதும். ஜகாத் பெறத் தகுதியுள்ள ஏழை மாணவருக்கு ஜகாத்திலிருந்தே கொடுக்கலாம். நடுத்தரக் குடும்பத்திற்கு வட்டியில்லாக் கடன் அளிக்கலாம். எழுத்து ஒப்பந்தமும் இரு சாட்சிகளும் இருக்கட்டும். கடனை எழுதிக்கொள்வதும் குர்ஆனின் கட்டளையே. பணியில் சேர்ந்தபின் அவர்கள் மாதம் 5,000 திருப்பிச் செலுத்தினால், அப்பணம் அடுத்த பிள்ளையைப் படிக்க வைக்கும்.

வாங்கும் மாணவர்களே, உங்களுக்கும் ஒரு சொல். வட்டியில்லாக் கடன் இனாம் அன்று. வசதி வந்தும் அதைத் தாமதிப்பது அநீதி. உங்களுக்குப் பின் வரிசையில் நிற்பவரின் படிப்பை அது பறிக்கும்.

ஹராம் என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. ஹலாலான வழியைத் திறந்து வைக்கும் கடமையும் அதனுடன் சேர்ந்தே வருகிறது. அடுத்த முறை ஒரு தந்தை தயங்கி வந்து நின்றால், “கூடாது” என்பதோடு “எவ்வளவு குறைகிறது?” என்றும் கேட்போம்.

அதற்கான தவ்ஃபீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.